மருத்துவர் அறிந்த பிறகு ஒலித்த எச்சரிக்கை: எபிக் செப்சிஸ் மாதிரி குறித்த நிகழ்வு ஆய்வு

2021 ஜூன் மாதம் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அந்நாட்டின் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் அப்போதே பயன்பாட்டில் இருந்த, எபிக் என்ற மென்பொருள் நிறுவனம் உருவாக்கிய ஒரு கணினி மாதிரியை, அந்நிறுவனத்தோடு தொடர்பில்லாத மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு சோதித்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான செப்சிஸ் நிலைக்கு எந்த நோயாளி போய்க்கொண்டிருக்கிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று நம்பி நிறுவப்பட்ட அந்த மாதிரி, செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைக் கண்டுகொள்ளவே இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய பேச்சு உரையாடும் செயலிகளையும் படம் வரையும் கருவிகளையும் சுற்றியே நடக்கிறது. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரிக்கு அத்தகைய கவர்ச்சி ஏதும் கிடையாது. அது பேசாது, எழுதாது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண்ணைத் தரும், அவ்வளவுதான். ஆயினும் ஒரு கணிப்புக் கருவி ஆய்வகத்தை விட்டு வெளியேறி, களைப்பும் அவசரமும் நிறைந்த ஒரு பணியிடத்தில் நுழையும்போது என்னவாகிறது என்பதற்கு இதைவிட நன்றாகப் பதிவான நிகழ்வு குறைவு. இதன் வழியே நான் சொல்ல வருவது, ஒரு மாதிரியின் துல்லியம் என்று நாம் குறிப்பிடும் எண் அந்த மாதிரிக்கு மட்டும் சொந்தமானதன்று என்பதாகும். எந்த நேரத்தில் கணிப்பைக் கேட்கிறோம், அந்தக் கணிப்பு யாருடைய கைக்குப் போகிறது என்பவையும் சேர்ந்தே அந்த எண்ணுக்குப் பொருள் தருகின்றன.

நோயின் இயல்பு

நோய்த்தொற்று ஒன்றை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பு கட்டுமீறிப்போய், சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலைதான் செப்சிஸ். 2017ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4.89 கோடிப் பேருக்கு இது ஏற்பட்டது என்றும், 1.1 கோடிப் பேர் இறந்தனர் என்றும், அதாவது அவ்வாண்டின் மரணங்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று இதனோடு தொடர்புடையது என்றும் 2020இல் லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு கூறியது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் பெரியவர்களுக்கு இந்நிலை ஏற்படுவதாக அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டிருக்கிறது.

சிகிச்சை என்னவென்று தெரியாத நோயன்று இது. ஆன்டிபயாடிக் மருந்தும் நரம்பு வழித் திரவமும் உரிய நேரத்தில் கிடைத்தால் பலர் பிழைக்கிறார்கள். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. செப்சிஸ் முற்றி இரத்த அழுத்தம் சரிந்தவர்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், பொருத்தமான ஆன்டிபயாடிக் கொடுப்பது ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. மறுபுறம், செப்சிஸ் இருக்கிறது என்று அறுதியிட்டுச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனை எதுவும் பொதுப் பயன்பாட்டில் இல்லை. காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு விடும் வேகம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை, இரத்தத்தில் லாக்டேட் என்ற பொருளின் அளவு என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்து மருத்துவர்தான் முடிவுக்கு வர வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கும் இவற்றில் பாதி மாறியிருக்கும்; ஆகவே ஐயம் எழுவதும் அடங்குவதும் வார்டுகளில் அன்றாடம் நடப்பது.

இத்தகைய நோய், கணிப்புக் கருவி செய்பவர்களை ஈர்த்ததில் வியப்பில்லை. தரவு ஏராளமாகக் கிடைக்கிறது, நேரம் உயிரைத் தீர்மானிக்கிறது, மனிதக் கண் தவறவிடுகிறது. போதாக்குறைக்கு, செப்சிஸ் நோயாளிகளுக்குக் குறித்த மணிகளுக்குள் குறித்த சிகிச்சைகள் அளிக்கப்பட்டனவா என்பதை 2015 அக்டோபர் முதல் அமெரிக்க மருத்துவமனைகள் அரசின் மருத்துவக் காப்பீட்டு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனை நிர்வாகங்கள் இப்படியொரு கருவியைத் தேடியதற்கு மருத்துவக் காரணம் இருந்தது போலவே நிர்வாகக் காரணமும் இருந்தது.

மாதிரி

எபிக் நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தின் வெரோனா நகரிலிருந்து இயங்குகிறது. அமெரிக்காவில் மின்னணு மருத்துவப் பதிவேட்டு மென்பொருள் விற்பதில் முதலிடத்தில் உள்ளது. மூன்று மருத்துவக் குழுமங்களில் 2013 முதல் 2015 வரை பதிவான ஏறத்தாழ 4,05,000 நோயாளி வருகைகளின் தரவிலிருந்து அது தன் செப்சிஸ் மாதிரியை உருவாக்கியது. உள்ளே இருந்தது லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்னும் பழைய, நன்கறிந்த புள்ளியியல் முறையே. நோயாளியின் வயது, நாடி, இரத்த அழுத்தம், ஆய்வக முடிவுகள், எழுதப்பட்ட மருந்துகள் போன்றவற்றைப் பதிவேட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு, மிச்சிகன் மருத்துவமனையில் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை 0 முதல் 100 வரையிலான ஒரு மதிப்பெண்ணை அது கணக்கிட்டது. மதிப்பெண் 5க்கும் 8க்கும் இடையில் ஏதேனும் ஒரு வரம்பைத் தொடும்போது எச்சரிக்கை எழும்படி அமைத்துக்கொள்ளலாம் என்பது நிறுவனத்தின் பரிந்துரை.

அந்த மாதிரி எப்படிப் பரவியது என்பதையும் கவனிக்க வேண்டும். அதைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனை ஏற்கெனவே பயன்படுத்தும் பதிவேட்டு மென்பொருளுக்குள்ளேயே அது இருந்தது. இயக்கி வைத்தால் போதும். புதிய மருந்து ஒன்று வார்டுக்குள் வருவதற்கு முன் கடக்க வேண்டிய படிகளை நினைத்துப் பார்த்தால் இந்த எளிமை திகைப்பூட்டுகிறது. மாதிரியின் உள்ளமைப்பு நிறுவனத்தின் உடைமை என்பதால் அது வெளிப்படையாக ஆராயப்படவுமில்லை. நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குத் தந்த குறிப்புகளில் ஏ.யு.சி. என்ற அளவுகோலின்படி அதன் திறன் 0.76 முதல் 0.83 வரை என்று சொல்லப்பட்டிருந்தது.

இந்த அளவுகோலை விளக்கிவிட்டு மேலே செல்வது நல்லது; கட்டுரை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. செப்சிஸ் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் குலுக்கல் முறையில் எடுத்து மாதிரியிடம் காட்டினால், வந்தவருக்கு அது அதிக மதிப்பெண் தருவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை ஏ.யு.சி. சொல்கிறது. 1 என்றால் ஒருமுறையும் தவறாது. 0.5 என்றால் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை.

மிச்சிகனில் கண்டது

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கரண்தீப் சிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018 டிசம்பர் முதல் 2019 அக்டோபர் வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டார்கள். 27,697 நோயாளிகள், 38,455 உள்நோயாளி அனுமதிகள். அவற்றில் 2,552 அனுமதிகளில், அதாவது சுமார் 7 சதவீதத்தில், செப்சிஸ் ஏற்பட்டிருந்தது. மாதிரியின் ஏ.யு.சி. 0.63 என்று வந்தது. நிறுவனம் சொன்ன 0.76க்கும் இதற்கும் உள்ள தொலைவு, தாளில் பார்க்கும்போது சிறிதாகத் தெரியலாம். வார்டில் அது என்னவாக மாறுகிறது என்பதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

எச்சரிக்கை வரம்பை 6 என்று வைத்தபோது மாதிரி 6,971 அனுமதிகளில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குச் சற்றே குறைவான அளவில், எச்சரித்திருக்கிறது. செப்சிஸ் ஏற்பட்ட 2,552இல் 1,709ஐ அது தவறவிட்டது, பிடித்தது 843. ஆக, எழுந்த 6,971 எச்சரிக்கைகளில் மெய்யானவை 843 மட்டுமே. எஞ்சிய 6,128 பேருக்குச் செப்சிஸ் இல்லை. எச்சரிக்கை எழுந்த எட்டுப் பேரைப் போய்ப் பார்த்தால் ஒருவருக்குச் செப்சிஸ் இருக்கும். அதுவும், ஒரு நோயாளிக்கு முதல் முறை எழும் எச்சரிக்கையை மட்டும் கவனித்தால் வரும் கணக்கு. மதிப்பெண் வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்ப்பது, அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் செப்சிஸ் வரப்போகிறவரைக் கண்டறிவது என்று வைத்துக்கொண்டால், ஒருவரைக் கண்டுபிடிக்க 109 முறை நடக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

என் பார்வையில் அந்தக் கட்டுரையின் மிக முக்கியமான எண் இவற்றில் எதுவுமன்று. மருத்துவர்கள் உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் தொடங்கத் தவறியிருந்து, மாதிரி மட்டும் கண்டுபிடித்த செப்சிஸ் நோயாளிகள் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்டார்கள். விடை 183, செப்சிஸ் வந்தவர்களில் 7 சதவீதம். மாதிரி சரியாகப் பிடித்த 843இல் மற்ற 660 பேருக்கும் மருத்துவர்கள் உரிய நேரத்திலேயே சிகிச்சையைத் தொடங்கியிருந்தார்கள். கருவி கூடுதலாகக் கொடுத்தது அந்த 183 மட்டுமே. அதற்கு விலையாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பொய் எச்சரிக்கைகள். 183 உயிர்கள் சிறிய எண்ணா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் ஆறாயிரம் வீண் எச்சரிக்கைகளுக்கு நடுவே அந்த 183இல் எத்தனையை ஒரு செவிலியர் நம்பி எழுந்து போயிருப்பார் என்பதையும் சேர்த்தே அதற்கு விடை சொல்ல வேண்டும்.

பெருந்தொற்றின் முதல் வாரங்கள் இதற்கு ஒரு சோதனையாகவே அமைந்தன. கொரோனா பரவத் தொடங்கியபோது அவசரமற்ற அறுவை சிகிச்சைகள் தள்ளி வைக்கப்பட்டு, வழக்கமான நோயாளிகள் வருவது குறைந்தது. 24 மருத்துவமனைகளின் பதிவுகளை அதே ஆய்வாளர்கள் பார்த்ததில், உள்நோயாளிகளின் எண்ணிக்கை 35 சதவீதம் குறைந்திருந்தும் நாளொன்றுக்கு எழும் செப்சிஸ் எச்சரிக்கைகள் 43 சதவீதம் கூடியிருந்தன. கொரோனா நோயாளியின் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் செப்சிஸின் அடையாளங்களோடு ஒத்துப்போவதால், 2013–15 காலத் தரவில் பழகிய மாதிரிக்கு அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. மிச்சிகன் மருத்துவமனை எச்சரிக்கைகளை நிறுத்தி வைத்தது. நோயாளிக் கூட்டம் மாறினால் மாதிரியும் மாறிவிடுகிறது, ஒரு வரி நிரல்கூட மாற்றப்படாமலேயே.

எங்கே தவறியது

மாதிரி பலவீனமானது என்று சொல்லி முடித்துவிட்டால் நிகழ்வின் பாதியைத்தான் சொன்னதாகும். உருவாக்கியபோது நன்றாகத் தோன்றிய ஒன்று களத்தில் ஏன் இப்படி ஆனது என்பதே ஆய்வுக்குரியது.

முதல் காரணம், செப்சிஸ் என்று எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு மாதிரியைப் பழக்க, கடந்த கால நோயாளிகளில் யாருக்குச் செப்சிஸ் இருந்தது, யாருக்கு இல்லை என்ற விடைத்தாள் வேண்டும். மாதிரியைப் பழக்கியபோது அந்த விடைத்தாள் பெருமளவு கட்டணக் குறியீடுகளிலிருந்து, அதாவது காப்பீட்டுப் பணம் கோருவதற்காகப் பதிவாகும் நோய்க் குறியீடுகளிலிருந்து, எடுக்கப்பட்டது. அவை கணக்குத் துறைக்காக எழுதப்படுபவை. நோய் எந்த மணியில் தொடங்கியது என்பதைச் சொல்ல எழுதப்படுபவையல்ல. மிச்சிகன் ஆய்வாளர்கள் இதற்கு மாறாக, நோய்க்கட்டுப்பாட்டு மையமும் மருத்துவக் காப்பீட்டு அமைப்பும் வகுத்த மருத்துவ வரையறைகளை அளவுகோலாக வைத்தார்கள். இரு தரப்பும் ஒரே சொல்லைப் பயன்படுத்தி இரு வேறு பொருள்களை அளந்தன.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. மாதிரிக்குள் போன தகவல்களில் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டதா என்பதும் ஒன்று. இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு. நாடித்துடிப்பு 112க்கு ஏறியிருக்கிறது. அழைத்தால் விழித்துப் பார்த்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். இந்த மந்தம் செவிலியருக்குச் சரியாகப் படவில்லை. பணி மருத்துவரை அழைக்கிறார். மருத்துவர் வந்து கையைத் தொட்டுப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, இரத்தக் கல்ச்சருக்கும் (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) லாக்டேட்டுக்கும் எழுதி, ஆன்டிபயாடிக் ஒன்றையும் கணினியில் பதிகிறார். அடுத்த பதினைந்து நிமிடத்தில் மாதிரி தன் சுற்றுக்கு வருகிறது, புதிதாகப் பதிவான ஆன்டிபயாடிக்கைக் காண்கிறது, மதிப்பெண் வரம்பைத் தாண்டுகிறது, எச்சரிக்கை எழுகிறது. தாளில் இது வெற்றி. செப்சிஸ் வரையறை முழுமையாக நிறைவேறுவதற்கு முன்பே மாதிரி எச்சரித்துவிட்டது என்று கணக்கில் ஏறும். வார்டில் அது மருத்துவரின் ஐயத்தை மருத்துவரிடமே திருப்பிச் சொன்னதாகும்.

இது வெறும் ஊகமன்று என்பதை 2024 பிப்ரவரியில் என்.இ.ஜே.எம். ஏ.ஐ. இதழில் வெளியான, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்னா வீன்ஸ் குழுவினரின் ஆய்வு காட்டியது. 77,582 உள்நோயாளி அனுமதிகள். அவற்றில் 3,766இல் செப்சிஸ். மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதும் வந்த மதிப்பெண்களைக் கணக்கில் கொண்டால் மாதிரியின் ஏ.யு.சி. 0.87 என்று மிடுக்காக வருகிறது. செப்சிஸ் வரையறை நிறைவேறுவதற்கு முந்தைய மதிப்பெண்களை மட்டும் எடுத்தால் அது 0.62. மருத்துவக் குழு செப்சிஸை ஐயுற்றுச் செயல்படத் தொடங்கியதற்கு, அதாவது கல்ச்சர், லாக்டேட், திரவம், ஆன்டிபயாடிக் ஆகியவற்றில் எதுவும் நடப்பதற்கு, முந்தைய மதிப்பெண்களை மட்டும் எடுத்தால் 0.47. நாணயத்தைச் சுண்டுவதைவிடவும் சற்றுக் குறைவு.

ஒரே மாதிரி, ஒரே மருத்துவமனை, ஒரே நோயாளிகள். கேட்ட நேரம் மட்டும் மாற, விடை 0.87இலிருந்து 0.47க்கு இறங்குகிறது. ஒரு விற்பனைக் குறிப்பில் முதல் எண்ணை அச்சிட்டால் அது பொய்யாகாது. அதனால்தான் இந்நிகழ்வை ஒரு நிறுவனத்தின் கவனக்குறைவாக மட்டும் பார்ப்பது போதாது என்று கருதுகிறேன். நோயாளியின் உடலைப் பற்றிய தரவில் அந்த உடலைக் கவனித்தவர்களின் நடத்தையும் கலந்தே இருக்கிறது. கல்ச்சர் எடுக்கப்பட்டது என்ற பதிவே ஒருவர் கவலைப்பட்டார் என்பதற்கான சான்று. மருத்துவம் மட்டுமல்ல, கடன் வழங்கல், ஆள் தேர்வு, மோசடி கண்டறிதல் என்று மனிதர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துக்கொண்டிருக்கும் எந்தத் துறையிலும் கணிப்பு மாதிரிகள் இந்தக் குழியில் விழக்கூடும்.

எதிர்வாதமும் அதன் வலுவும்

மிச்சிகன் ஆய்வின் முடிவுகளை நிறுவனம் ஏற்கவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகளுக்கு ஏற்ப வரம்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதும், வேறு இடங்களில் மாதிரி பயன் தந்திருக்கிறது என்பதும் அதன் வாதங்கள். இவற்றைத் தள்ளிவிட முடியாது. குறிப்பாக இரண்டாவது வாதத்துக்குச் சாதகமாக ஒரு நல்ல சான்று இருக்கிறது.

கிளீவ்லாந்து நகரின் மெட்ரோஹெல்த் மருத்துவமனையில், இதே எபிக் மாதிரியைக் கொண்டு, அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு சமவாய்ப்புச் சோதனை நடத்தினார்கள். 2022இல் கிரிட்டிகல் கேர் மெடிசின் இதழில் அதன் முடிவு வெளியானது. 598 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்கு எழுந்த எச்சரிக்கையை மருத்துவருக்கும், அவசரப் பிரிவிலேயே பணியாற்றும் மருந்தாளுநருக்கும் காட்டினார்கள். மற்றக் குழுவினருக்கு எச்சரிக்கையை மறைத்து வைத்து வழக்கமான கவனிப்பே தொடர்ந்தது. ஆன்டிபயாடிக் கிடைக்க எடுத்துக்கொண்ட நேரத்தின் இடைநிலை மதிப்பு வழக்கமான குழுவில் 3 மணி. எச்சரிக்கை காட்டப்பட்ட குழுவில் 2.3 மணி.

மிச்சிகன் வார்டுகளில் பயனற்றதாகத் தெரிந்த அதே மாதிரி இங்கே ஏன் உதவியது? என் வாசிப்பில் இரண்டு வேறுபாடுகள் கண்ணில் படுகின்றன. அவசரப் பிரிவுக்கு வருபவர் அப்போதுதான் மருத்துவமனைக்குள் நுழைகிறார். அவரைப் பற்றி எந்த மருத்துவரும் இன்னும் ஒரு முடிவுக்கு வந்திருக்க மாட்டார். ஆகவே மாதிரி சொல்வதில் புதிய செய்தி இருக்க இடமுண்டு. அடுத்தது மருந்தாளுநர். எச்சரிக்கை, பத்து வேலைகளுக்கு நடுவே நிற்கும் ஒருவரின் திரையில் தோன்றி மறையாமல், மருந்தை எடுத்து வருவதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் பொறுப்பாயிற்று. சோதனையை நடத்தியவர்கள் மாதிரியை மேம்படுத்தவில்லை. அதைச் சுற்றியுள்ள வேலை முறையை அமைத்தார்கள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சுசி சாரியா குழுவினர் உருவாக்கிய டிரூஸ் என்ற வேறொரு செப்சிஸ் அமைப்பின் முடிவுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. ஐந்து மருத்துவமனைகளில் 5,90,736 நோயாளிகளைக் கண்காணித்த அந்த அமைப்பைப் பற்றி 2022 ஜூலையில் நேச்சர் மெடிசின் இதழில் கட்டுரை வெளியானது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே அமைப்பு அடையாளம் கண்ட 6,877 செப்சிஸ் நோயாளிகளில், எச்சரிக்கையை ஒரு மருத்துவர் மூன்று மணி நேரத்துக்குள் பார்த்து உறுதி செய்தவர்களிடையே மரண விகிதம், மற்றவர்களோடு ஒப்பிட, 18.7 சதவீதம் குறைவாக இருந்தது. இது சமவாய்ப்புச் சோதனை அன்று. உடனே கவனிக்கப்பட்ட நோயாளிகளும் தாமதமாகக் கவனிக்கப்பட்டவர்களும் வேறு வகைகளிலும் வேறுபட்டிருக்கலாம். சாரியா இந்தத் தொழில்நுட்பத்தைச் சந்தைப்படுத்தும் நிறுவனத்தின் நிறுவனருமாவார். எனினும் கட்டுரை பயனை அளந்த விதம் நோக்கத்தக்கது: எச்சரிக்கை எழுந்ததா என்பதை அல்ல, எழுந்த பிறகு ஒரு மனிதர் அதை எடுத்துக்கொண்டாரா என்பதை அது அளந்தது.

அதன் பின்

2022 அக்டோபர் அளவில் எபிக் தன் மாதிரியைத் திருத்தியமைத்துவிட்டது. செப்சிஸ் எப்போது தொடங்குகிறது என்பதற்கான வரையறை மாற்றப்பட்டது. ஆன்டிபயாடிக் பதிவைச் சார்ந்திருப்பது குறைக்கப்பட்டது. பயன்படுத்தும் முன் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சொந்தத் தரவில் மாதிரியைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்றும் பரிந்துரைக்கப்பட்டது. விமர்சகர்கள் சுட்டிக்காட்டிய ஏறத்தாழ எல்லாக் குறைகளையும் இந்தத் திருத்தங்கள் தொட்டன. அந்தக் குறைகளை வெளியே கொண்டுவர ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை தன் சொந்தப் பதிவுகளைத் தோண்ட வேண்டியிருந்தது. மாதிரியோ அதற்குள் பல ஆண்டுகளாக இயங்கிக்கொண்டிருந்தது.

ஒழுங்குமுறை அமைப்புகளும் நகர்ந்தன. செப்சிஸ் போன்ற அவசர நிலைகளை எச்சரிக்கும் மென்பொருளை மருத்துவக் கருவியாகவே கருதும் நிலைப்பாட்டை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் எடுத்தது. 2024 ஏப்ரலில் பிரனோசிஸ் நிறுவனத்தின் செப்சிஸ் இம்யூனோஸ்கோர் என்ற கருவிக்கு அது ஒப்புதல் அளித்தது. செப்சிஸைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றுக்கு அந்த நிர்வாகம் அளித்த முதல் ஒப்புதல் அது. பதிவேட்டு மென்பொருளோடு சேர்த்துத் தரப்படும் கணிப்பு மாதிரிகள் எந்தத் தரவில் பழக்கப்பட்டன, எப்படிச் சோதிக்கப்பட்டன, எந்த இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பது போன்ற விவரங்களைப் பயன்படுத்துவோர் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற அமெரிக்க மத்திய அரசின் விதி 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த விதிகள் விவரங்களைத் திறந்து வைக்கின்றன; அவற்றைப் படித்துத் தன் வார்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அவை யாருக்காகவும் செய்து தருவதில்லை. அந்த வேலை எந்த அளவுக்கு நடக்கிறது என்பதற்கு 2025 ஜனவரியில் ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. 2023ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் பங்கேற்ற 2,425 அமெரிக்க மருத்துவமனைகளில் 65 சதவீதம் ஏதேனும் ஒரு கணிப்பு மாதிரியைப் பயன்படுத்தின. அவற்றில் பெரும்பான்மை, பதிவேட்டு மென்பொருளோடு வந்த மாதிரிகளையே பயன்படுத்தின. மாதிரிகளைப் பயன்படுத்திய மருத்துவமனைகளில், மாதிரி துல்லியமாக இருக்கிறதா என்று தங்கள் சொந்தத் தரவைக் கொண்டு சோதித்தவை 61 சதவீதம். சில பிரிவு நோயாளிகளுக்குப் பாரபட்சமாக இயங்குகிறதா என்று சோதித்தவை 44 சதவீதம். வசதி படைத்த மருத்துவமனைகளே இத்தகைய சோதனைகளை அதிகம் செய்தன. புள்ளியியல் அறிந்த ஒருவரைப் பணியில் வைத்துக்கொள்ளும் வருமானம் இல்லாத சிறிய மருத்துவமனை, மாதிரியை இயக்கி வைப்பதில் மட்டும் பெரிய மருத்துவமனைக்குச் சமமாக நிற்கிறது. அங்கே மதிப்பெண் 6ஐத் தொடும்போது எழும் எச்சரிக்கைகளில் எத்தனை மெய், எத்தனை பொய் என்று எண்ணிப் பார்க்கும் பணிக்கு இன்றுவரை யாரும் பணம் ஒதுக்கவில்லை என்றால், இந்நிகழ்வின் கணக்கு அந்த மருத்துவமனையில் இன்னும் தொடங்கவே இல்லை.